வரும்போது மட்டும் நீளும் ரோடு

தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு போகிற லைனில், வேக வண்டிகள் நிற்காமல் தூசி கிளப்பிவிட்டுப் போகிற ஒரு சின்ன ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஸ்ரீ சௌபாக்யா நகர் என்று ஒரு நகர் இருந்தது. நகர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், நாலைந்து தெரு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு தண்ணீர் டேங்க், பால் காய்ச்சிக் குடிபோன வீடும் கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கிற வீடுமாகக் கலந்து கிடக்கிற இடம், முகப்பில் சிமென்ட்டில் ஒரு வளைவு, வளைவுக்குப் பக்கத்தில் பிளாட் விற்ற காலத்தில் நட்ட போர்டு, ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்று. அந்த போர்டில் பொய் இல்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் எல்லாரும் அங்கே மனை வாங்கினார்கள், ஐந்து நிமிடத்தில்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள், ஐந்து நிமிடத்தில்தான் வீடு திரும்பினார்கள். பிறகு ஒரு ஆடி மாதத்தில், காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற ஒரு சாயங்காலத்தில், ஆறரை மணி வண்டியில் வந்து இறங்கியவர்கள் வீட்டைப் பார்த்து நடக்க நடக்க, ரோடு தீராமல் போய்க்கொண்டே இருந்தது.

அந்த வண்டியில் வந்தவர்களில் சிவரஞ்சனியும் ஒருத்தி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள், கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகள் ஓடி வருகிற பெல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த அட்டையில் எந்தக் குழி காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. புருஷன் தணிகைவேல் ஏ.சி. மெக்கானிக், சென்னை முழுக்க அலைகிறவன். பெண் லக்‌ஷிதா, வீட்டில் லச்சு, மூன்று வயதை எட்டிப்பிடிக்கப் போகிறவள். காலையில் லச்சுவைத் தூக்கத்தோடு பக்கத்து வீட்டு மெர்சி அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினால், சாயங்காலம் அந்த அக்கா வீட்டு வாசலிலேயே ஒரு சின்ன முகம் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; அந்த முகத்துக்காகத்தான் ரஞ்சனி வண்டி நிற்பதற்குள் இறங்கத் தயாராக நின்றாள்.

முதல் நாள் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவி மடியில் போட்டுக்கொண்டே வந்த அலுப்பு, நாள் முழுக்கக் குனிந்த கழுத்து, அதனால்தான் தூரம் கூடினமாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கூட வந்தவர்களும் ஆளுக்கு ஒரு வலியைச் சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் அதே ரோடு ஐந்து நிமிடத்தில் அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டது. அன்று சாயங்காலம், ரேஷன் கடைக்கும் வளைவுக்கும் நடுவில், அதுவரைக்கும் யாரும் பார்த்திராத ஒரு வேலிகாத்தான் புதர்க்காடு கிடந்தது. அதற்கடுத்த நாள் அந்தப் புதர்க்காட்டுக்குப் பின்னால் பனைமரங்கள் வரிசையாக நின்றன, பனைக்குப் பின்னால் ஒரு தரிசு, தரிசுக்குப் பின்னால் மறுபடி புதர். காலையில் போகும்போது இதில் ஒன்றும் இல்லை. வரும்போது மட்டும் இருந்தது.

பைக்கில் வந்தால் ரோடு பைக்குக்குத் தகுந்தமாதிரி நீண்டது, ஷேர் ஆட்டோவில் வந்தால் ஆட்டோவுக்குத் தகுந்தமாதிரி நீண்டது, சுற்றிக்கொண்டு கிராமத்து வழியாக வந்து பார்த்தவர்களுக்கும் ஸ்டேஷனில் இறங்கின கால் என்றால் அதே நீளம்தான். போகிறவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒருவர் பாதி வழியில் வந்தபோது பிளாட்பாரத்துப் பெஞ்சில் குடையை வைத்துவிட்டு வந்தது நினைவு வர, சரி என்று திரும்பியிருக்கிறார். அவ்வளவு நேரம் நடந்த புதரும் பனையும் தரிசும் மடித்த புடவைமாதிரி காலடியில் சுருண்டு, ஐந்து நிமிடத்தில் ஸ்டேஷன் வந்துவிட்டது. குடை கிடைத்தது. ஆனால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் யாரும் எதையும் மறந்து வைத்துவிட்டு வருவதில்லை, வைத்தாலும் அது போகட்டும் என்று விட்டார்கள்.

நகர் நலச் சங்கத் தலைவர் டெல்லிபாபு, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். திருஷ்டி என்றார்கள் சிலர், வளைவில் பூசணிக்காய் உடைத்தார்கள், ரோடு அன்றைக்கும் நீண்டது. காலையில் அவசரத்தில் ஓடுகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லாமல் போகிறார்கள், அதனால்தான் வரவு தள்ளிப்போகிறது என்று ஒரு அம்மாள் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. மறுநாளிலிருந்து ஆணும் பெண்ணும் வளைவைத் தாண்டும்போது போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று வீட்டாரிடமும் வாட்ச்மேனிடமும், யாரும் இல்லாவிட்டால் அங்கே படுத்திருக்கிற நாயிடமும் சொல்லிவிட்டுப் போனார்கள். நாய்க்குப் பழகிவிட்டது, சொல்லாமல் போகிறவர்களைப் பார்த்துக் குரைத்தது. ரோடு நீண்டுகொண்டுதான் இருந்தது.

மனு கொடுத்து ஒரு அதிகாரியை வரவழைத்தார்கள். அவரும் சாயங்கால வண்டியில் வந்து இறங்கி, எல்லாரோடும் நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்து, டெல்லிபாபு வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து வளைவிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் அளந்து பார்த்தார். போர்டில் போட்டிருப்பது சரியாக இருக்கிறது, புகாருக்கு இடமில்லை என்று எழுதிக்கொண்டு அப்படியே வண்டி ஏறிப்போய்விட்டார். மனை புரோக்கர்கள் அவரைவிடச் சுறுசுறுப்பு. புதிதாக முளைத்த தரிசைப் பார்த்த மறுவாரமே அதில் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, முக்கோணக் கொடி கட்டினார்கள். என்ன, காலையில் வாடிக்கையாளரைக் கூட்டிவந்து காட்ட அங்கே இடம் இருக்காது, அதனால் சாயங்கால வண்டியில்தான் கூட்டிவந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு நடுவழியில் டீ வேண்டுமே என்று ஒரு ஆள் தினமும் ஸ்டவ்வும் கெட்டிலுமாக வண்டியில் வந்து இறங்கி, பனைமரத்தடியில் கடை போட்டார். ரோடு நீள நீள அவர் கடையும் தள்ளிப்போனது, ஆனால் என்றைக்கும் நடுவிலேயே இருந்தது.

இப்படியாக ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். வீட்டை விட்டுவிட்டுப் போக முடியாது, வேலையை விட்டுவிட்டும் இருக்க முடியாது. ஆண்கள் பலர் சென்னையிலேயே நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு வாரக் கடைசிக்கு மட்டும் வந்தார்கள். தணிகைவேலும் சைதாப்பேட்டையில் ஒரு மாடி ரூமில் பாயைப் போட்டுவிட்டான். வேலைக்குப் போகிற பெண்கள் அப்படித் தங்க முடியாது என்பதால் ஒரு செட்டாகச் சேர்ந்து நடந்தார்கள், வண்டியில் ஆய்ந்தது போக மீதிக் கீரையை நடந்துகொண்டே ஆய்ந்தார்கள், பூண்டு உரித்தார்கள், மாமியார்களைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். ரஞ்சனியும் சிரித்தாள். அவள் எதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே எட்டி நடப்பாள், பேசிக்கொண்டே செட்டுக்கு முன்னால் போய்விடுவாள், ஒவ்வொரு பனையைத் தாண்டும்போதும் அண்ணாந்து பார்த்துக்கொள்வாள், நேற்று இந்த மரத்தடிக்கு வந்தபோது வெளிச்சம் இருந்ததே, இன்றைக்கு இல்லையே என்று.

ஏனென்றால் ரோடு கொஞ்சம் நீண்டபோது, லச்சு கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நின்றுபோய், ரஞ்சனி வரும்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் நீண்டபோது, சாப்பிட்டு முடித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மேலும் நீண்டபோது, மெர்சி அக்காவின் தையல் மிஷின் பக்கத்தில், வெட்டுத்துணிக் குவியலில் தலை வைத்துத் தூங்கியிருந்தாள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, விடிவதற்குள் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து திரும்பக் கொடுத்தாள் ரஞ்சனி. வேலைநாட்களில் தன் பிள்ளை கண் திறந்து பார்க்கிற நேரம் தான் இல்லை என்பது, அட்டையில் காலிக் குழி கண்ணில் படுகிறமாதிரி அவளுக்கு ஒருநாள் சட்டென்று கண்ணில் பட்டது. பட்டதற்கப்புறம் வேறெதுவும் படவில்லை.

மெர்சி அக்கா நாகர்கோவில்காரி, பிளவுஸ் தைக்கிறவள், தன் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்து வெளியூருக்கு அனுப்பிவிட்டு மிஷினோடு பேசிக்கொண்டிருந்தவள். அவள் நல்லவள்தான், அதுதான் கஷ்டம். லச்சு நடுவழியில் இருக்கிற அம்மாவைப் பார்க்கட்டும் என்று தினமும் தூங்கவைப்பதற்கு முன்னால் போனில் வீடியோ போட்டுக் காட்டுவாள். ரஞ்சனி நடந்துகொண்டே முகத்தைக் காட்டுவாள், பின்னால் பனை குலுங்கும், சிக்னல் அறுந்து முகம் பாதியில் உறையும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, லச்சு அவளைப் போன் அம்மா என்று கூப்பிட்டாள். மெர்சி அக்கா அம்மா, ரஞ்சனி போன் அம்மா. தணிகைவேல் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்கே அவன் ஒரு முடிவும் சொன்னான். ரோடு இப்படியே போனால் ஒருநாள் நீ விடியும்போதுதான் வந்து சேருவாய், பிள்ளையை வந்தவாசியில் உன் அக்காவிடம் விடலாம், அங்கே அவள் பிள்ளைகளோடு இருக்கட்டும், நாமும் மாதம் ஒருதரம் போய்ப் பார்க்கலாம் என்றான். கணக்கு அவன் பக்கம் சரியாக இருந்தது, ரஞ்சனி அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவும் சரி என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க ரஞ்சனி சாயங்காலங்களில் ஓடினாள், மூச்சு இரைக்க ஓடினாள், ஒருநாளாவது பிள்ளை தூங்குவதற்குள் போய்விட வேண்டும் என்று. ஓட ஓட ரோடு, பைக்குக்கு நீண்டதுமாதிரியே, அவள் ஓட்டத்துக்கும் தகுந்தமாதிரி நீண்டது.

நகர்க்காரர்கள் தப்புப் பண்ணவில்லை என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் பிள்ளைகள் சிலது அப்பாவைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு ஓடிப்போய், திரும்பி வர முடியாமல் பாதி வழியில் அழுது, பெரியவர்கள் முதுகில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால் டெல்லிபாபு ஒரு சட்டம் போட்டார்: விளக்கு வைத்த பிறகு நகருக்குள்ளிருந்து யாரும், பிள்ளைகள் கண்டிப்பாக, ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாது. வளைவுக்கு ஒரு இரும்புக் கேட் போட்டு, சாயங்காலம் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். வருகிறவர்கள் கேட்டைத் தட்டினால் திறப்பார். போகிறவர்களுக்குத் திறக்க மாட்டார். எல்லாரும் அதை நல்ல ஏற்பாடு என்று ஒத்துக்கொண்டார்கள், ரஞ்சனியும் ஒத்துக்கொண்டவள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, கார்த்திகை மாதத்துத் தூறல், செட்டு டீக்கடையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தது. வழக்கமான நேரத்துக்கு மெர்சி அக்காவின் வீடியோ வரவில்லை. இரண்டு தடவை ரஞ்சனியே கூப்பிட்டாள், போன் அணைந்திருப்பதாகச் சொன்னது. மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் வேறொரு நம்பர் அடித்தது. டெல்லிபாபு.

"ரஞ்சனிம்மா, பதட்டப்படாதீங்க. உங்க பாப்பாவைக் கொஞ்ச நேரமா காணோம். கேட் பூட்டித்தான் இருக்கு, உள்ளேதான் எங்கேயாவது இருக்கும். ஆள் விட்டுத் தேடிக்கிட்டிருக்கேன்."

ரஞ்சனி பூண்டுப்பையைப் பக்கத்தில் வந்தவளிடம் கொடுத்தாள். நகருக்குள் பாதி கட்டின வீடுகள் எத்தனை, அதில் மூடி போடாமல் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்கிற சம்ப்புகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை உள்ளே இருந்தால் தான் இன்னும் வேகமாக முன்னால் போக வேண்டும். அவள் போனை மெர்சி அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். மெர்சி அக்கா அழுகையில் வார்த்தை முழுங்கிக்கொண்டிருந்தாள், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, இருட்டில் மெழுகுவத்தி தேட உள்ளே போனவள் வந்து பார்த்தால் பிள்ளை இல்லை.

"அக்கா, அழாதீங்க. வாசல்ல அவ செருப்பு இருக்கா பாருங்க."

போனில் யாரோ ஓடுகிற சத்தம், டார்ச் எங்கே என்று கேட்கிற சத்தம்.

"இல்லை பிள்ளே. அந்த பீப்பீ செருப்பு ரெண்டையும் காணல்ல."

நகருக்குள் லச்சு எங்கே ஓடினாலும் வெறுங்கால்தான், மிதித்தால் பீப் பீப் என்று கத்துகிற அந்தச் செருப்பைப் போடுவதென்றால் அது டாட்டா போவதற்கு மட்டும்தான். கேட் பெரியவர்களுக்குப் பூட்டின கேட், அதற்குக் கீழே நாய் வந்துபோகிற இடைவெளி இருக்கிறது. ரஞ்சனி நின்றாள். செட்டில் இருந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள், திரும்பாதே என்றார்கள், நடந்ததெல்லாம் வீணாகிவிடும் என்றார்கள், ஒருவேளை செருப்பைப் பிள்ளை எங்கேயாவது விட்டெறிந்திருந்தால், ஒருவேளை அது உள்ளேயே இருந்தால், நீ மறுபடி முதலிலிருந்து வந்து சேரும்போது என்ன ஆகியிருக்குமோ என்று, சொல்லக் கூடாததை ஒருத்தி பாதி சொல்லி நிறுத்தினாள். எல்லாம் நியாயமான பேச்சு. ரஞ்சனிக்குக் கால் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தது. முன்னால் தெரிவது இருட்டு, பின்னால் தெரிவதும் இருட்டு. தன் கண் இதுவரைக்கும் தன்னை ஏமாற்றினதில்லை என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, வாசலில் இல்லாத அந்தச் செருப்பை மனதுக்குள் பார்த்துக்கொண்டு, அவள் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள்.

புதர் மடிந்தது, தரிசு மடிந்தது, டீக்காரர் கெட்டிலோடு ஒரு மின்னல்மாதிரி வந்து போனார், பனைகள் விசிறிபோலச் சேர்ந்துகொண்டன, கொடி கட்டின மனைக்கற்கள் பல்வரிசைமாதிரி நெருங்கின. ரேஷன் கடை. சைக்கிள் ஸ்டாண்டு. ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போதே மழைச்சத்தத்துக்கு நடுவில் பீப், பீப் என்று கேட்டது.

பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் விற்கிற அம்மாள் ஒரு கையால் கூடையையும் ஒரு கையால் லச்சுவின் கவுன் நுனியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். லச்சு அழவில்லை. பிடியில் இருந்தபடியே குதித்துக்கொண்டு, அப்போதுதான் வந்து நின்ற வண்டியில் இறங்குகிற ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சனி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள். பார்த்தாள். ஓடிவரவில்லை.

"போன் எங்கே?" என்றாள்.

ரஞ்சனி ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "போன்லேர்ந்து இறங்கி வந்துட்டேன்டி."

லச்சு அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பீப், பீப் என்று அவளைச் சுற்றி நடந்துபோய் முதுகைப் பார்த்தாள், சடையைப் பார்த்தாள், போனில் என்றைக்கும் தெரியாத அந்தப் பின்பக்கம் முழுக்க இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்றாள். அந்த நேரத்தில்தான் படிக்கட்டில் மெர்சி அக்கா வந்தாள், முடி அவிழ்ந்து, அளவு டேப் கழுத்தில் தொங்க, கேட்டைத் திறக்கமாட்டேன் என்ற டெல்லிபாபுவின் இடுப்பிலிருந்து சாவியைத் தானே உருவித் திறந்துகொண்டு, நகரில் அந்த நேரத்தில் யாரும் போகாத ரோட்டில் ஐந்து நிமிடத்தில் ஓடிவந்தவள். லச்சு அம்மா என்று அலறிக்கொண்டு அவளிடம் ஓடினாள். ரஞ்சனி முட்டி போட்ட இடத்திலேயே இருந்தாள்.

மெர்சி அக்கா தூக்கவில்லை. தூக்கப் போன கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டாள். நடந்ததை மூச்சுக்கு நடுவில் சொன்னாள்: போன் அம்மா எங்கே என்று பிள்ளை பிடுங்கியெடுத்தபோது, உங்கம்மா ஸ்டேஷன்ல இறங்கியிருப்பா என்று வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சொன்னது அவள்தான். சொல்லிவிட்டுக் குனிந்து லச்சுவிடம் பேசினாள்.

"எனக்கு மூச்சு வாங்குது மக்களே, தூக்க ஏலாது. அவகிட்ட போ. அவளுக்குத்தான் இடுப்பு பலமா இருக்கு."

லச்சு யோசித்தாள். யோசித்து முடிக்கிற வரைக்கும் ஒரு கூட்ஸ் வண்டி பூராவும் போனது. பிறகு வந்து ரஞ்சனியின் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் நகரில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்லிபாபு சட்டம் பேசினார், மெர்சி அக்கா அவர் வீட்டு வாசலில் நின்று பதில் பேசினாள், எனக்குச் சுகர் இருக்கு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, நான் நடப்பேன், என்கூடப் பிள்ளைகளும் நடக்கும், ரோடு உங்க தாத்தா போட்டதா என்று. அதற்கப்புறம் தினமும் ஆறரை மணி வண்டிக்கு அந்தச் சின்ன ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பீப்பீ செருப்புச் சத்தத்தில் அறிவிப்பு கேட்கவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் கோபித்துக்கொண்டார். பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று ரூமில் இருந்த ஆண்கள் சிலர் நடுவாரத்திலும் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். வீட்டுப்பாடம், சாப்பாடு, சண்டை, எல்லாம் ரோட்டிலேயே நடந்தன. டீக்காரர் பால் அதிகம் வாங்கினார். ரோடு மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை, நீண்டுகொண்டுதான் இருந்தது. ஒருநாள் அது ராத்திரியைவிடவும் நீளமாகிவிட்டால் என்ன பண்ணுவது என்று அங்கே நடக்கிற எந்தத் தாய்க்கும் தெரியாது, ரஞ்சனிக்கும் தெரியாது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ரஞ்சனி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதலிலிருந்து நடந்தாள், மெர்சி அக்கா பக்கத்தில் நடந்தாள். தூறல் விட்டு, மேகத்துக்குள்ளிருந்து நிலா முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. கொய்யாவைக் கடித்துக் கடித்துச் சின்னத் துண்டாக்கி ரஞ்சனி ஊட்ட, லச்சு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கேள்வி கேட்டாள். இது என்ன மரம், இதுக்கு ஏன் முடி மேலேயே இருக்கு, அந்தக் கொடி யாருக்கு, நீ போன்ல எப்படிப் படுத்துக்குவே. தெருவில் நடந்து வேடிக்கை காட்டி ஊட்டினால்தான் பிள்ளைகளுக்குச் சோறு இறங்கும், அது எல்லாத் தாய்க்கும் தெரிந்ததுதான். காட்டுவதற்கு இவ்வளவு நீளமாக ஒரு தெரு தனக்கு வாய்த்திருந்ததை ரஞ்சனி அதுவரைக்கும் அப்படிப் பார்த்ததில்லை. டீக்கடையில் ஒரு பன், அதுவும் தீர்ந்தது.

தணிகைவேல் கூப்பிட்டான். விஷயம் கேட்டதும், இதற்குத்தான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றான்.

"வந்தவாசி அக்காவை வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் ரஞ்சனி. "இவ நாளையிலேர்ந்து ஸ்டேஷனுக்கு வந்துடுவா. உங்களுக்குப் பார்க்கணும்னாலும் அங்கேயே வந்து இறங்குங்க."

அவ்வளவு தூரம் தினமும் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு நடப்பாயா என்று அவன் கேட்டான். அதற்குள் லச்சு போனைப் பிடுங்கி உள்ளே பார்த்து, போன் அப்பா, நாங்க நடக்கிறோம் என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் கொஞ்சதூரம் போனதும் லச்சு ரஞ்சனியின் தோளில் தலையைச் சாய்த்தாள். தூங்கிவிட்டாளோ என்று ரஞ்சனி குனிந்து பார்த்தாள், கண் இரண்டும் திறந்திருந்தன. அப்போது லச்சு, "அம்மா," என்றாள்.  மெர்சி அக்கா தலையைத் திருப்பி ஒரு பனைமரத்தை, அதில் பார்க்க என்னவோ இருக்கிறதுமாதிரி, உற்றுப் பார்த்துக்கொண்டு நடந்தாள். லச்சு ரஞ்சனியின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அம்மா, உன்னத்தான். நிலா நம்மகூடவே வருது பாரு."

வருதுடி, என்றாள் ரஞ்சனி.

புதர்கள் குறைந்து, தூரத்தில் கரண்ட் வந்துவிட்ட வீடுகளின் வெளிச்சமும், அதற்கு முன்னால் வளைவும் தெரிந்தன. கேட்டில் டெல்லிபாபுவும் மற்றவர்களும் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். லச்சு ஒரு நாய்க்கதையைப் பாதியில் சொல்லிக்கொண்டிருந்தாள், அதில் நாய் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்கவில்லை. ஆடி மாதத்திலிருந்து எட்டி எட்டியே நடந்து பழகின ரஞ்சனி, வளைவைப் பார்த்ததும் நடையைக் குறைத்தாள்.